நாள் தள்ளிப் போவதே வழக்கமானவர்களுக்கு: கருமுட்டை வெளியாகும் நாளைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"நாள் தள்ளிப் போயிருக்கு" என்றால் நம் பேச்சில் கர்ப்பம் என்று பொருள். "முழுகாம இருக்கா" என்றாலும் அதேதான். மாதவிலக்கு தேதி தவறாமல் வருகிற பெண்களை வைத்து உண்டான சொற்கள் இவை. எனக்கு நாள் தள்ளிப் போகாத மாதமே கிடையாது. ஒரு தடவை 34 நாளில் வரும், அடுத்தது 58 நாள் ஆகும், அப்புறம் 41. ஒவ்வொரு தடவையும் ஆசையாக டெஸ்ட் எடுப்பேன், ஒற்றைக் கோடுதான் வரும். பட்டர்வொர்த்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் "என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்காத அத்தை கிடையாது.

இரண்டு வருடம் நாங்கள் செய்தது ஒரே தப்பு. போனில் இருந்த ஆப் 14ஆம் நாள் என்று காட்டியது, நாங்களும் அந்த நாளைச் சுற்றியே முயற்சி செய்தோம். என் உடம்பில் முட்டை வந்ததோ பல சுழற்சிகளில் 30ஆம் நாளுக்குப் பிறகு. அதாவது சரியான நாளுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே கடையை மூடிவிட்டோம். ஒழுங்கற்ற மாதவிலக்கு உள்ளவர்கள் தேதியை நம்பக்கூடாது, உடம்பு காட்டும் அடையாளங்களைப் பார்க்க வேண்டும், கூடவே சீக்கிரமாகப் பரிசோதனைக்கும் போக வேண்டும். இதை யாராவது எனக்கு முதல் மாதமே சொல்லியிருக்கலாம். நான் டாக்டர் இல்லை. படித்ததையும், கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பினாங்கில் ஆஸ்பத்திரிக்கு நடந்து நடந்து கற்றதையும் எழுதுகிறேன்.

முதல் படி: பின்னாலிருந்து எண்ணப் பழகுங்கள்

மாதவிலக்குச் சுழற்சிக்கு இரண்டு பாகம் உண்டு. ரத்தப்போக்கு தொடங்கிய நாளிலிருந்து முட்டை வெளியாகும் வரை முதல் பாகம். முட்டை வெளியானதிலிருந்து அடுத்த மாதவிலக்கு வரை இரண்டாம் பாகம். இரண்டாம் பாகம் பெரிதாக மாறாது, பெரும்பாலான பெண்களுக்கு 12 முதல் 14 நாள் வரைதான், ஒரு சிலருக்கு ஓரிரு நாள் கூடக் குறைய இருக்கும். நீள்வதும் குறுகுவதும் முதல் பாகம்தான். முட்டை முதிர எத்தனை நாள் எடுக்கிறதோ அத்தனை நாள் மாதவிலக்கும் தள்ளிப் போகும்.

ஜப்பானில் நீகாத்தா நகரில் மருத்துவராக இருந்த கியூசாக்கு ஓகினோ 1924லேயே இதைச் சொல்லிவிட்டார்: அடுத்த மாதவிலக்குக்கு 12 முதல் 16 நாளுக்கு முன்னால் முட்டை வெளியாகிறது. கணக்கு அடுத்த மாதவிலக்கிலிருந்து பின்னோக்கிப் போகிறது, கவனியுங்கள். 28 நாள் சுழற்சி என்றால் 14ஆம் நாள். 35 நாள் என்றால் ஏறக்குறைய 21. 50 நாள் என்றால் 36. அந்த 14 என்கிற எண் 28 நாள்காரர்களுடையது. நமக்கு அடுத்த மாதவிலக்கு எப்போது என்றே தெரியாது, அதனால் எந்த ஆப்பாலும் நம் நாளை முன்கூட்டியே சொல்ல முடியாது. அது போன மாதங்களின் சராசரியைப் போட்டு ஒரு ஊகத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

வெளியான முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். கர்ப்பப்பை வாயில் நல்ல சளி இருந்தால் விந்தணு 5 நாள் வரை காத்திருக்கும். 1995இல் அமெரிக்காவில் வில்காக்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், முட்டை வெளியான நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களும் சேர்ந்த 6 நாட்களில் உடலுறவு கொண்டவர்களுக்கு மட்டுமே கரு உண்டானது. மறுநாள் என்றால் காலம் கடந்துவிட்டது. ஆகவே நாம் தேடுவது முட்டை வருவதற்கு முந்தைய சில நாட்களை.

இரண்டாம் படி: நோட்டுப் புத்தகம்

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள், அல்லது ஆப்பிலேயே எழுதுங்கள், ஆனால் அது போடும் கணிப்பை மட்டும் பார்க்காதீர்கள். ரத்தம் நன்றாகப் போகத் தொடங்கும் நாள்தான் 1ஆம் நாள். அதற்கு முன்னால் பழுப்பாகச் சொட்டுவதை எண்ண வேண்டாம்.

24 முதல் 38 நாளுக்குள் வந்து, மாதத்துக்கு மாதம் ஒரு வாரம் போல முன்னே பின்னே ஆனால் அது சாதாரணம்தான், பயப்பட ஒன்றுமில்லை. அதைவிடக் கூடுதலாக ஆடினாலோ, 24 நாளுக்கு முன்பே வந்தாலோ, 38ஐத் தாண்டித் தாண்டிப் போனாலோ ஒழுங்கற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 நாள் வரவே இல்லையென்றால், குழந்தை வேண்டுமோ வேண்டாமோ, டாக்டரிடம் போக வேண்டும். கர்ப்பப்பையின் உள்சுவர் வெளியேறாமல் தடித்துக்கொண்டே இருந்தால் வருடக்கணக்கில் அது புற்றுநோய் வரை கொண்டுபோய்விடலாம். இதை நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை, "வராதது நல்லதுதான், தொல்லையில்லை" என்று விட்டுவிடுகிறோம்.

ஒரு எச்சரிக்கை. கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது மாதாமாதம் வரும் ரத்தப்போக்கு உண்மையான மாதவிலக்கு அல்ல, அந்த மாதம் முட்டை வந்தது என்றும் ஆகாது. கருத்தடை ஊசி போட்டிருந்தவர்களுக்குக் கடைசி ஊசியிலிருந்து கரு தங்க சராசரியாக 10 மாதம் போல எடுக்கும், அது பழுது இல்லை, மருந்து இறங்க அவ்வளவு காலம் ஆகிறது.

மூன்றாம் படி: வெள்ளைப்படுதலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எனக்கு மிகவும் உதவியது இதுதான், செலவும் இல்லை. நம் அம்மாக்கள் வெள்ளைப்பட்டால் "உடம்பு சூடு" என்று இளநீர் வாங்கிக் கொடுப்பார்கள். எல்லா வெள்ளைப்படுதலும் நோய் இல்லை. கர்ப்பப்பை வாயிலிருந்து வரும் இந்தச் சளிதான் விந்தணுவுக்கு வழி, உணவு, இருப்பிடம் எல்லாம்.

மாதவிலக்கு முடிந்ததும் சில நாள் வறண்டிருக்கும். அப்புறம் பிசுபிசுப்பாக, பசை மாதிரி வரும். முட்டை முதிர முதிர ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறும், சளி தயிர் போல வெள்ளையாகி, பிறகு தண்ணீராகி, கடைசியில் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக, இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்தால் அறுந்துபோகாமல் சில சென்டிமீட்டர் நீளும். அந்த வழுவழுப்பு இருக்கும் நாட்கள்தான் நம் நாட்கள். முட்டை வந்துவிட்டால் ஒன்றிரண்டு நாளில் சளி திடீரென்று கெட்டியாகும், அல்லது காய்ந்துவிடும். கழிவறைக்குப் போகும்போது துடைக்கும் தாளில் பார்த்தாலே போதும். காலை, மதியம், இரவு மூன்று தடவை பாருங்கள், அன்று கண்டதில் மிக வழுவழுப்பானதை எழுதுங்கள்.

அரிப்பு, துர்நாற்றம், பச்சையோ சாம்பலோ கலந்த நிறம், எரிச்சல் இருந்தால் அது தொற்று, கிளினிக்குப் போங்கள். வாசனைத் திரவம் போட்டு உள்ளே கழுவுவதை இன்றே நிறுத்துங்கள். கடையில் விற்கும் சாதாரண லூப்ரிகண்டுகள் (உறவின்போது பூசும் ஜெல்) பல விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும், தேவைப்பட்டால் கருத்தரிக்க முயல்பவர்களுக்கென்றே உள்ளதை ஃபார்மசியில் கேட்டு வாங்குங்கள்.

சினைப்பை நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) உள்ளவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. உடம்பு முட்டையை முதிர்த்தப் பார்க்கும், சளி வரும், பிறகு பாதியில் விட்டுவிடும், பத்து நாள் கழித்து மறுபடி முயலும். ஒரே சுழற்சியில் மூன்று தடவை வெள்ளைக்கரு சளி வந்த மாதம் எனக்கு உண்டு. எது நிஜம் என்று சளியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் அடுத்த இரண்டு படிகள்.

நான்காம் படி: சிறுநீர் ஸ்டிரிப்

ஃபார்மசியில் கிடைக்கும் அண்டவிடுப்புச் சோதனைக் குச்சி எல்.எச். என்ற ஹார்மோன் திடீரென்று எகிறுவதைக் காட்டும். எகிறிய 24 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டை வெளியாக வேண்டும். கர்ப்ப டெஸ்ட் மாதிரி மங்கலான கோடு இருந்தாலே போதும் என்று நினைக்காதீர்கள், இதில் சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அடர்த்தியாகவோ இருந்தால்தான் பாசிட்டிவ்.

எப்போது தொடங்குவது? உங்கள் மிகக் குறுகிய சுழற்சியில் 17ஐக் கழியுங்கள். என்னுடையது 34, ஆக 17ஆம் நாள். அங்கிருந்து 58 வரை தினமும் என்றால் குச்சிக்கே சம்பளம் போய்விடும். அதனால் 17ஆம் நாளிலிருந்து சளியைக் கவனித்து, தண்ணீராக மாறியதும் குச்சியைத் தொடங்குங்கள், காய்ந்துவிட்டால் நிறுத்துங்கள். டிஜிட்டல் கருவி விலை அதிகம், நீண்ட சுழற்சிக்காரர்களுக்கு மொத்தமாக விற்கும் சாதாரண ஸ்டிரிப்பே போதும். மதியத்துக்கு மேல், தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். அதற்கு முன் இரண்டு மணி நேரம் அதிகம் குடிக்க வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு நாள் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்போம், சிறுநீர் நீர்த்துப்போனால் கோடு மங்கிவிடும்.

நீர்க்கட்டி உள்ள பலருக்கு எல்.எச். எப்போதுமே சற்று உயர்ந்திருக்கும், அதனால் குச்சி நாட்கணக்கில் பாசிட்டிவ் காட்டி ஏமாற்றும். இன்னொன்று, ஹார்மோன் எகிறியது என்பதற்காக முட்டை கட்டாயம் வெடித்தது என்று ஆகாது. குச்சி காட்டுவது முயற்சியை மட்டும்தான்.

ஐந்தாம் படி: வெப்பநிலை, நடந்ததை உறுதி செய்ய

முட்டை வந்த பிறகு புரோஜெஸ்டரோன் என்ற ஹார்மோன் சுரந்து உடல் வெப்பத்தை 0.2 முதல் 0.5 டிகிரி வரை ஏற்றிவிடும். இரண்டு தசம இடம் காட்டும் தெர்மாமீட்டர் வேண்டும், 36.35, 36.62 என்பது போல. கண் விழித்ததும், எழாமல், பேசாமல், தண்ணீர் குடிக்காமல் வாயில் வைத்து எழுதுங்கள். முந்தைய 6 நாளின் அளவுகளைவிடத் தொடர்ந்து 3 நாள் குறைந்தது 0.2 டிகிரி உயர்ந்தே இருந்தால், முட்டை அந்த ஏற்றத்துக்கு முன்னால் வந்துவிட்டது. இது முன்கூட்டிச் சொல்லாது. ஆனால் இது இல்லாமல், உங்களுக்கு முட்டை வருகிறதா இல்லையா என்பதே தெரியாமல் இருப்பீர்கள். இரண்டு மூன்று சுழற்சி ஏற்றமே காணாமல் போனால் அதுவே டாக்டருக்குப் பெரிய தகவல்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை செய்யும் அக்கா, தங்கைமார் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ராத்திரி வேலை என்றால் இந்த அளவு ஆடும். குறைந்தது மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி எழுந்த பிறகு எடுங்கள், அது பகலானாலும் பரவாயில்லை, பக்கத்தில் "நைட்" என்று குறித்துவிடுங்கள். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறினால் வெப்பநிலையை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனையை நம்புவதுதான் நல்லது. நான் இப்படித்தான் சொல்வேன், தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டு கணக்கையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறாம் படி: எப்போது சேர்வது

பழைய காலண்டர் முறையில், குறுகிய சுழற்சியில் 18ஐயும் நீண்டதில் 11ஐயும் கழித்து வரும் நாட்களுக்கு இடையில் வாய்ப்பு இருக்கும் என்பார்கள். எனக்கு 34லிருந்து 18 போனால் 16, 58லிருந்து 11 போனால் 47. 16 முதல் 47 வரை, மொத்தம் 32 நாள்! தினமும் கட்டாயம் என்று வைத்துக்கொண்டால் கணவன் மனைவிக்குள் அது வேலையாகிவிடும், நாங்கள் அப்படிச் சண்டை போட்டிருக்கிறோம்.

மாதவிலக்கு முடிந்ததிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை போதும், விந்தணு உள்ளே காத்திருக்கும். வழுவழுப்புச் சளி வந்தாலோ குச்சி பாசிட்டிவ் ஆனாலோ அன்றும் மறுநாளும். வெப்பம் ஏறி மூன்று நாள் ஆனதும் அந்தச் சுழற்சியை விட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். "சேமித்து வைக்க" பத்து நாள் விலகியிருப்பது பயன் தராது. அப்புறம், இந்த முறைகளைக் கருத்தரிக்காமல் இருக்கப் பயன்படுத்தாதீர்கள், ஒழுங்கற்ற சுழற்சியில் அது நம்பவே முடியாதது.

ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம், முயற்சி தொடங்கும்போதே இருவரில் பெண் தினமும் சாப்பிட வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டு உருவாவது பலருக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே நடந்துவிடுகிறது, நாள் தள்ளிப்போவதே வழக்கமான நமக்கு இன்னும் தாமதமாகத்தான் தெரியும். சர்க்கரை நோய் இருந்தால் அளவு கூட வேண்டும், டாக்டர் எழுதித் தருவார்.

ஏழாம் படி: ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம்

35 வயதுக்குள் 12 மாதம், அதற்கு மேல் 6 மாதம் முயன்ற பிறகு டாக்டரிடம் போகச் சொல்வார்கள். அது சீரான சுழற்சிக்காரர்களுக்கு. உங்கள் சுழற்சி ஒழுங்கற்றது என்றால் அந்த ஒழுங்கின்மையே போதுமான காரணம், இப்போதே போகலாம். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான், கர்ப்பத்துக்கு முந்தைய கவனிப்பு அங்கேயே உண்டு. அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் மகளிர் நிபுணரைப் பார்க்கலாம். எல்.பி.பி.கே.என். என்கிற தேசியக் குடும்ப வாரியமும் குழந்தையின்மைக்குச் சிகிச்சை தருகிறது, கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஜாலான் ராஜா லாவுட்டில் அதன் தலைமையகம் இருக்கிறது.

என்ன பரிசோதனை? தைராய்டுக்கு டி.எஸ்.எச்., பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின், முட்டையை வளர்க்கும் எப்.எஸ்.எச்., எல்.எச்., ஆண் ஹார்மோன், சர்க்கரை, பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேன். தைராய்டோ புரோலாக்டினோ காரணம் என்றால் பலருக்கு மாத்திரையிலேயே சுழற்சி சரியாகிவிடும். அளவுக்கு மீறிய டயட்டும் உடற்பயிற்சியும்கூட முட்டையை நிறுத்தும்.

புரோஜெஸ்டரோன் பரிசோதனையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "21ஆம் நாள் ரத்தம்" என்று எழுதித் தருவார்கள். அது 28 நாள் சுழற்சிக்கான தேதி. உண்மையில் எடுக்க வேண்டியது முட்டை வந்து 7 நாள் கழித்து, அதாவது அடுத்த மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்னால். எனக்கு 21ஆம் நாள் எடுத்து, "முட்டையே வரவில்லை" என்று சொல்லி அனுப்பினார்கள், நான் வழியெல்லாம் அழுதேன். அந்த மாதம் வெப்பம் ஏறியது 33ஆம் நாள். நோட்டைக் காட்டி, வெப்பம் ஏறிய பிறகு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அல்லது மாதவிலக்கு வரும் வரை வாரம் ஒரு தடவை எடுக்கலாமா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

பி.சி.ஓ.எஸ். என்றால் "கர்ப்பப்பை நீர்க்கட்டி" என்கிறோம். அது கர்ப்பப்பையில் இல்லை, சினைப்பையில். கட்டியும் இல்லை, பாதியில் வளர்ச்சி நின்ற முட்டைப் பைகள். ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் அதிகமாக இருத்தல், ஸ்கேனில் அந்தத் தோற்றம், இந்த மூன்றில் இரண்டு இருந்தால் பி.சி.ஓ.எஸ். என்று 2003இல் ராட்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்தார்கள். ஸ்கேன் மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. நம் இனத்தவருக்கு ஒல்லியாக இருந்தாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவது அதிகம், ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 23 தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை கூடுதலாக இருந்தால் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு முட்டை வரத் தொடங்கும். 70 கிலோ என்றால் மூன்றரை முதல் 7 கிலோ. நான் தே தாரேக்கை, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் ஆக்கினேன், சாயங்காலம் தண்ணீர்மலைக்குப் பக்கத்துப் பூங்காவில் நடந்தேன். சோற்றை விடவில்லை, அளவைக் குறைத்தேன்.

கணவருக்கும் அதே வாரத்தில் விந்துப் பரிசோதனை எடுங்கள், 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு. குழந்தையில்லாத தம்பதிகளில் பாதிப் பேர் வரை ஆண் பக்கக் காரணமும் சேர்ந்திருக்கிறது. மருமகளை மட்டும் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வைத்துவிட்டு மகனைப் பார்க்காமல் விடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், அது அநியாயம்.

எட்டாம் படி: மருந்து

பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு முட்டை வர இப்போது முதலில் தருவது லெட்ரோசோல். 2014இல் வெளியான ஆய்வில் 750 பெண்களில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினருக்கும், பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. பெட்டிக்குள் இருக்கும் தாளில் மார்பகப் புற்றுநோய் மருந்து என்று இருக்கும், பயப்படாதீர்கள், அதே மருந்துதான், இங்கே ஐந்து நாள் மட்டும். முட்டைப் பை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளர்ந்து, 18 முதல் 24 மில்லிமீட்டரில் வெடிக்கும், அதை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வருவார்கள். தோழி சாப்பிட்டாள் என்று நீங்களாக வாங்காதீர்கள். முட்டைப் பை வெடிக்க ஊசி போட்டிருந்தால் இரண்டு வாரம் வரை கர்ப்ப டெஸ்ட் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம், பொறுத்திருங்கள்.

தனியார் சிகிச்சைக்குப் போனால் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், கருத்தரிப்புச் சிகிச்சைக்கு வருமான வரி விலக்கு உண்டு, இ.பி.எப். (ஊழியர் சேமநிதி) பணத்தையும் இதற்கு எடுக்க வழி இருக்கிறது.

இரண்டு கோடு வந்த பிறகு

வெப்பம் 18 நாள் இறங்காமல் இருந்தால் டெஸ்ட் எடுங்கள். வெப்பம் பார்க்காதவர்கள் கடைசியாகச் சேர்ந்து 3 வாரம் கழித்து எடுக்கலாம்.

கிளினிக்கில் முதல் கேள்வி, "கடைசியா எப்பம்மா வந்துச்சு?" அந்தத் தேதியிலிருந்து 14ஆம் நாள் முட்டை வந்தது என்று வைத்துத்தான் எல்லாக் கணக்கும் போடுவார்கள். எனக்கு 31ஆம் நாள் வந்தது, 17 நாள் வித்தியாசம். தேதிப்படி 8 வாரம், ஸ்கேனில் ஐந்தரை வாரம், துடிப்பு தெரியவில்லை. வளரவில்லையோ என்ற பேச்சு எழுந்தபோது பையிலிருந்து நோட்டை எடுத்துக் காட்டினேன். டாக்டர் எண்களைப் பார்த்துவிட்டு, இந்தக் கணக்குப்படி அளவு சரிதான், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார். அந்த இரண்டு வாரம் கழித்துத் திரையில் துடிப்பைப் பார்த்தோம். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரும் பிங்க் புத்தகத்தில் பிரசவத் தேதியை மாதவிலக்குத் தேதியை வைத்து எழுதியிருந்தால், முதல் மூன்று மாத ஸ்கேன் அளவை வைத்துத் திருத்தி எழுதித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கடைசி மாதத்தில் தேதி தாண்டிவிட்டது என்று இரண்டு வாரம் முன்னாலேயே வலி வர மருந்து வைத்துவிடுவார்கள்.